உழாமலே உழவராவது எப்படி?

சேற்றில் கால் வைக்காமல் விவசாயியாக விரும்பும் அன்பர்களே, இந்தத் துறையில் போட்டி அதிகமாகிவிட்டது. விவரம் தெரியாமல் யாரும் புரோக்கரிடம் காசை விட்டுவிட்டு நிற்கக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

தேவையானவை: பட்டா ஒன்று, ஆதார் அட்டை ஒன்று, வங்கிக் கணக்கு ஒன்று, ஓ.டி.பி. வந்து சேரக்கூடிய கைப்பேசி ஒன்று. ஏர், மாடு, மண்வெட்டி, மழை எதுவும் வேண்டாம். "விதைநெல் எங்கே கிடைக்கும்?" என்று கேட்பவர்கள் தவறான இடத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்காகக் கடைசியில் கொஞ்சம் எழுதியிருக்கிறேன். அதுவரை ஓரமாக உட்கார்ந்திருக்கட்டும். அவர்களுக்குப் பழக்கம்தான்.

எவ்வளவு வரும்?

பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய். நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 வீதம் மூன்று தவணை. 2019 பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட்டில் அறிவித்தார்கள், அதே மாதம் 24ஆம் தேதி கோரக்பூரில் தொடங்கியும் வைத்துவிட்டார்கள். அது போதாதென்று 2018 டிசம்பரிலிருந்து முன்தேதியிட்டுக் கணக்குப் போட்டார்கள். ஏப்ரலில் மக்களவைத் தேர்தல் வந்தது தற்செயல். அரசு எந்திரம் இவ்வளவு வேகமாக ஓட முடியும் என்பதைப் பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வகுத்துப் பார்த்தால் நாளுக்குப் பதினாறு ரூபாய் சொச்சம். "ஒரு டீக் காசுக்காகவா இவ்வளவு பாடு?" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. உழாதவன் கணக்குப் பார்த்தால் ஆறாயிரம் சுளையாக மிஞ்சுகிறது. தவிர, உங்களுக்கு டீக் காசு என்றாலும் அரசுக்கு அது டீக் காசு அல்ல. 2025 நவம்பர் 19 அன்று கோவை கொடிசியா வளாகத்தில் பிரதமர் 21ஆவது தவணையை விடுவித்தபோது, 9 கோடிப் பேருக்கு 18,000 கோடி ரூபாய் என்று சொன்னார்கள். ஒரு தவணைக்கு மட்டும்.

பயிர் வேண்டாம், பட்டா போதும்

இனி தகுதி. இந்தத் திட்டம் நிலத்தில் யார் நிற்கிறார் என்று பார்ப்பதில்லை, நில ஆவணத்தில் யார் பெயர் நிற்கிறது என்று மட்டுமே பார்க்கும். சாகுபடிக்கு ஏற்ற நிலமாக இருந்தால் சரி. சாகுபடி செய்வது நீங்களா என்று கேட்க மாட்டார்கள். அம்பத்தூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்துகொண்டு, ஊரில் இருக்கும் ஒன்றரை ஏக்கரின் வரப்பில் பொங்கலுக்கு ஒருமுறை நின்று செல்பி எடுக்கிறவர், வருமான வரி கட்டாதவராக இருந்தால், முழுத் தகுதியுள்ள விவசாயி. செல்பிகூடக் கட்டாயமில்லை.

ஒரு எச்சரிக்கை. 2019 பிப்ரவரி 1 அன்று உங்கள் பெயரில் நிலம் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கடன்பட்டு, நகை விற்று நிலம் வாங்கியவர்களை வழிகாட்டு நெறிமுறைகள் ஐந்தாண்டுக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ள மறுத்தன. ஒரே விலக்கு, நிலத்துக்காரர் இறந்து வாரிசுக்கு வந்திருந்தால். ஆகவே உழைத்து வாங்குவது பயன் தராது, அப்பா காலமாவதுதான் பயன் தரும். அவசரப்பட வேண்டாம், இதை நான் விதியாக மட்டுமே சொல்கிறேன்.

முதலில் 2 ஹெக்டேர், அதாவது ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவர்களுக்குத்தான் பணம் என்றார்கள். தேர்தல் முடிந்து புதிய அமைச்சரவை கூடிய முதல் கூட்டத்திலேயே, 2019 மே 31 அன்று, அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். அரை ஏக்கர் சோளக்கொல்லைக்காரருக்கும் 6,000, இருபது ஏக்கர் தோப்புக்காரருக்கும் 6,000. சமத்துவம் இவ்வளவு மலிவாக வேறெங்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

பெரிய குடும்பத்தில் பிறந்தவர்கள் கவனிக்க வேண்டிய வரி இது: திட்டத்தின் கண்ணில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள். மீசை முளைத்த மகன் தனிக் குடும்பம். பாகப்பிரிவினை செய்துகொண்ட நான்கு அண்ணன் தம்பிகள் நான்கு குடும்பம். வீட்டில் ஒரே அடுப்பு எரிந்தாலும் பட்டா நான்காகப் பிரிந்திருந்தால் போதும். கூட்டுப்பட்டாவை உட்பிரிவு செய்யாமல், "அண்ணன் தம்பிக்குள்ளே என்னய்யா கணக்கு" என்று பெருந்தன்மையாக இருந்துவிட்ட குடும்பங்கள்தான் அலைகின்றன. தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டாவும் அப்படித்தான். தாத்தா போய்ச் சேர்ந்து முப்பது வருடம் ஆகியிருக்கலாம், அவருக்கு ஆதார் எடுக்க வழியில்லை.

யார் யார் வரக் கூடாது?

விலக்குப் பட்டியலைக் கண்டு மிரளாதீர்கள். இந்நாள், முன்னாள் அமைச்சர்கள், எம்.பி.க்கள், எம்.எல்.ஏ.க்கள், மாநகராட்சி மேயர்கள், மாவட்ட ஊராட்சித் தலைவர்கள் வரக் கூடாது. கவுன்சிலர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழுத் தலைவர் வரை அரசியலில் வளரலாம், பட்டியலில் இடிக்காது. எம்.எல்.ஏ.வின் வயதுவந்த மகன், முன்பே சொன்னபடி, தனிக் குடும்பம்.

அரசு ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும் கூடாது. கடைநிலை ஊழியர்கள் மட்டும் வரலாம். மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் ஓய்வூதியம் வாங்குபவர்கள் கூடாது. பதிவு செய்து தொழில் நடத்தும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், ஆடிட்டர் கூடாது. பொறியியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருப்பவர் தாராளமாக வரலாம். நம் மாநிலத்துக்கு இது சின்னச் சலுகை அல்ல.

முந்தைய ஆண்டு வருமான வரி கட்டியவரும் கூடாது. இங்கேதான் அன்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். இந்தியாவில் விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. வருமான வரிச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆகவே நிறைய ஏக்கரும் நல்ல விளைச்சலும் வைத்திருந்து, வேறு தொழில் எதுவும் காட்டாத ஒரு பெருந்தனக்காரர், எவ்வளவு சம்பாதித்தாலும் வருமான வரி கட்டாதவர். வரி கட்டாதவர் என்பதால் உதவித்தொகைக்குத் தகுதியுள்ளவர். அதே ஊரில் அரை ஏக்கர் வைத்துக்கொண்டு திருப்பூர் கம்பெனியில் கணக்கெழுதி, சம்பளத்தில் கொஞ்சம் வரி பிடித்தம் ஆனவர் தகுதியற்றவர். இரண்டு விதியும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கெட்ட பழக்கம்தான் என்னை இப்படி எழுத வைக்கிறது.

இத்தனை விலக்கையும் யார் சரிபார்ப்பார்கள்? நீங்கள்தான். "இந்த வகைகளில் நான் வரவில்லை" என்று நீங்களே உறுதிமொழி கொடுக்க வேண்டும். மனிதன் மீது அரசு வைத்திருந்த இந்த நம்பிக்கைக்குப் பலன் 2021 தொடக்கத்தில் தெரிந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்கு வேளாண் அமைச்சகம் தந்த பதிலின்படி, தகுதியில்லாத 20 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு 1,364 கோடி ரூபாய் போயிருந்தது. அவர்களில் பாதிக்கும் மேல் வருமான வரி கட்டுபவர்கள். அதாவது ஒரு துறைக்கு வரி கட்டி, இன்னொரு துறையிடம் "நான் வரி கட்டவில்லை" என்று எழுதிக் கொடுத்தவர்கள். அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் வேளாண் அமைச்சர் சொன்ன கணக்கில் அது 42 லட்சம் பேர், சுமார் 3,000 கோடி என்று வளர்ந்திருந்தது. இந்தியாவில் வேறெந்தப் பயிரும் ஆறு மாதத்தில் இப்படி விளைந்ததில்லை.

கள்ளக்குறிச்சி முறை

பட்டாவே இல்லாதவர்களுக்கும் வழி இருந்தது. இப்போது அடைத்துவிட்டார்கள் என்றாலும், வரலாற்று ஆர்வலர்களுக்காகச் சொல்கிறேன்.

2020இல் ஊரடங்கு. வீட்டை விட்டு வெளியே வராமல் விண்ணப்பிக்கட்டும் என்று, இணையத்தில் தாங்களே பதிவு செய்யும் வழியைத் திறந்து வைத்திருந்தார்கள். விண்ணப்பத்தைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டியது அதிகாரி. அவருடைய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அலுவலகத்தில் ஒப்பந்தப் பணியாளர்களிடம் இருந்தன. அவர்களிடமிருந்து கணினி மையங்களுக்குப் போயின. கணினி மையங்களிலிருந்து புரோக்கர்களிடம். மாவட்டத்தின் சாவி டீக்கடை பெஞ்சுக்கு வந்து சேர்ந்தபின் மீதி எல்லாம் தட்டச்சு வேலை.

கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று வடமாவட்டங்களில் பட்டியல் பெருத்தது. "கொரோனா நிவாரணம் வருது, ஆதாரையும் பாஸ்புக்கையும் கொண்டா அக்கா" என்று ஊர் ஊராகக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஒரு மாவட்டத்துக்காரர் பெயர் இன்னொரு மாவட்டத்தில் ஏறியது. ஆகஸ்டில் விஷயம் வெடித்தது. அன்றைய வேளாண் செயலர் ககன்தீப் சிங் பேடி வெளியிட்ட கணக்கு: தகுதியில்லாதவர்கள் ஐந்தரை லட்சம் பேர், போன பணம் 110 கோடி ரூபாய். 80 ஒப்பந்தப் பணியாளர்கள் வேலை நீக்கம், 34 அலுவலர்கள் இடைநீக்கம், புரோக்கர்கள் கைது, சி.பி.சி.ஐ.டி. விசாரணை. 2021இல் நாடாளுமன்றத்தில் மாநிலவாரிக் கணக்கு வந்தபோது தமிழ்நாட்டின் எண்ணிக்கை 7.22 லட்சம், திரும்பப் பெற வேண்டிய தொகை சுமார் 340 கோடி. தலை எண்ணிக்கையில் அசாமுக்கு அடுத்த இடம். எதிலாவது நாம் முதலிடத்தை விட்டுக்கொடுத்தோம் என்றால் அது இதில்தான்.

இந்த முறையின் குறைபாட்டையும் சொல்லிவிடுவது வழிகாட்டியின் கடமை. பணத்தை மீட்பது என்று முடிவானதும், வங்கிக் கணக்குகளை முடக்கி அதிலிருந்தே எடுத்தார்கள். புரோக்கர் தன் பங்கை ரொக்கமாக முன்பே வாங்கிக்கொண்டு போயிருந்தார். கணக்கு வைத்திருந்தவர் முழுத்தொகைக்கும் பொறுப்பு. அந்த ஐந்தரை லட்சத்தில் எல்லாரும் காரில் வந்து இறங்கியவர்கள் அல்லர். நிலமே இல்லாத கூலிக்காரர்கள் நிறைய இருந்தார்கள். நாற்று நடுபவர்கள், கரும்பு வெட்டுபவர்கள். வயலில் வேலை செய்து, வயல் தன் பெயரில் இல்லாததால், அரசுப் பதிவேட்டில் அவர்கள் போலி விவசாயிகள் ஆனார்கள். மேலே சொன்ன அம்பத்தூர்க்காரர் அசல்.

ஆறாயிரம் போதாதவர்களுக்கு

தெலங்கானாவில் பிறந்திருக்க வேண்டும். அங்கே 2018 மே மாதம் தொடங்கிய ரைத்து பந்து திட்டத்தில் ஏக்கருக்கு, பருவத்துக்கு 4,000 ரூபாய் கொடுத்தார்கள். பிறகு 5,000 ஆனது. உச்சவரம்பு இருக்கவில்லை. ஏக்கர் கூடக் கூடப் பணமும் கூடியது. குத்தகைக்கு உழுதவருக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. உள்ளவனுக்கு அள்ளிக் கொடு என்பது நம் நாட்டுப் பழக்கம் மட்டுமே என்று நினைத்துக் கூசிப்போக வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேளாண் மானியம் பெற்றவர்கள் பட்டியலில் இங்கிலாந்து அரசியின் சாண்ட்ரிங்காம் பண்ணையும் இருந்தது.

இங்கேயே இருப்பவர்கள் இலவச மின்சாரத்தைப் பரிசீலிக்கலாம். 1990இலிருந்து தமிழ்நாட்டில் விவசாய மோட்டாருக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம்தான், எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதை வாங்கிக்கொள்ளக் கிணறு வேண்டும், மோட்டார் வேண்டும், இணைப்பு வேண்டும். சாதாரண வரிசையில் வருடக்கணக்கில் நிற்க முடியாதவர்களுக்குத் தட்கல் இருக்கிறது: 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கட்டினால் இலவச மின்சாரம் சீக்கிரம் வரும். ஆழ்துளைக் கிணறும் பெரிய மோட்டாரும் வைத்தவருக்கு அதிக மானியம். விளாத்திகுளம் கரிசலில் வானத்தைப் பார்த்து மானாவாரியாக உளுந்து விதைப்பவருக்கு மின்துறை ஒரு யூனிட்கூடத் தர வேண்டியதில்லை.

யூரியாவும் உண்டு. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. உண்மை விலை அதைப்போல் பல மடங்கு. மீதியை அரசு உரக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுகிறது. ஆதாரைக் காட்டிக் கைரேகை வைத்தால் மூட்டை கிடைக்கும், விவசாயி என்பதற்கு அத்தாட்சி கேட்பதில்லை. பிளைவுட் பசை தயாரிப்பதற்கு இது மிகவும் உகந்தது என்று கண்டுபிடித்தவர்கள் உண்டு. வேப்ப எண்ணெய் பூசிப் பார்த்தார்கள், பசை ஒட்டத்தான் செய்கிறது.

கைரேகை

தவணை தொடர்ந்து வர வேண்டுமானால் மின்னணு முறையில் ஆதாரைச் சரிபார்க்க வேண்டும், நில ஆவணத்தை இணைக்க வேண்டும். இதெல்லாம் 2022இல் கறாராயின. அந்த ஆண்டு மே மாதத் தவணை 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குப் போனது. அக்டோபர் தவணை 8 கோடிப் பேருக்கு என்று அறிவித்தார்கள். நடுவில் காணாமல் போனவர்களில் போலிகள் எத்தனை, இ-சேவை மையத்தில் "சர்வர் வேலை செய்யலை, நாளைக்கு வாங்க பெரியவரே" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை என்று தனித்தனியே பிரித்துச் சொல்ல யாரும் மெனக்கெடவில்லை.

உங்களுக்கு இதில் சிரமமே இருக்காது. விரல் பூப்போல இருந்தால் எந்திரம் உடனே பச்சை விளக்கு காட்டும். அறுபது வருடம் களை பறித்து, கதிர் அறுத்து, மண்வெட்டிக் காம்பு தேய்த்த விரலில்தான் ரேகை தெரிவதில்லை. எண்ணெய் தடவித் துடைத்து, ஈரத்துணியில் அழுத்தி, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாலும் எந்திரம் இவர் யாரென்றே தெரியவில்லை என்றது. புகார் முற்றியபின் 2023இல், முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் செயலி வந்தது. விவசாயி என்று நிரூபிக்க இதைவிட நல்ல சாட்சி இருக்க முடியாத விரல்களை, விவசாயி அல்ல என்பதற்குச் சாட்சியாக ஆக்கிக் காட்டியது அந்த எந்திரம்.

ஓரமாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு

நீங்கள் நிஜமாகவே பயிர் செய்கிறீர்களா? வருத்தமாக இருக்கிறது. இருந்தாலும் முயற்சி செய்வோம்.

நாகை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் ஒன்பது மா, பத்து மா குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்பவர் என்று வைத்துக்கொள்வோம். நிலம் கோயிலுடையது அல்லது மடத்துடையது. கோயில் நிறுவனம், நிறுவனங்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. நீங்கள் குத்தகைதாரர், பட்டா உங்கள் பெயரில் இல்லை. ஆக சாமிக்கும் இல்லை, ஆசாமிக்கும் இல்லை. அந்த நிலத்தில் நெல் விளைகிறது என்பதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

நிலம் தனியாருடையது என்றால் இன்னும் எளிது. வாய்மொழிக் குத்தகை. பதிந்துகொள்ளச் சட்டம் இருக்கிறது. குத்தகை உரிமைப் பதிவேட்டுக்கென்றே 1969இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். "பதிஞ்சு தாங்கய்யா" என்று மிராசுதாரிடம் கேட்டுப் பாருங்கள். 1955ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி காக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அடுத்த குறுவைக்கு அந்த நிலம் வேறு ஆளிடம் போயிருக்கும். உங்களைக் காக்க வந்த சட்டத்துக்குப் பயந்தே உங்கள் பெயரைக் காகிதத்தில் ஏற்ற மறுக்கிறார்கள். காகிதம் இல்லாததால் உதவித்தொகை இல்லை. பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போடுவதற்கும் வி.ஏ.ஓ.விடம் அடங்கலுக்கு நிற்க வேண்டும். வெள்ளம் வந்து நிவாரணம் அறிவித்தால், அது பட்டாக்காரர் கணக்குக்குப் போய்விடக் கூடாதே என்று மூன்று மாதம் தூக்கமில்லை.

நாற்று நடும் பெண்ணாக இருந்தால் உங்களைப் பற்றி ஒரு வரிகூடத் திட்டத்தின் நெறிமுறைகளில் இல்லை. பட்டா கணவர் பெயரில் இருந்தால் பணம் அவர் கணக்குக்கு. பட்டாவே இல்லாவிட்டால் விஷயம் முடிந்தது.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று இல்லை. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையத்தின் அறிக்கைகளைத் தொடர்ந்து மத்திய அரசு 2007இல் ஏற்ற விவசாயிகள் கொள்கை, குத்தகைதாரரையும் வாரக்காரரையும் விவசாயக் கூலியையும் விவசாயி என்றே கணக்கிட்டது. ஒடிசா 2018இல் காலியா திட்டத்தில் வாரத்துக்குப் பயிரிடுபவர்களையும் நிலமில்லாத விவசாயக் குடும்பங்களையும் சேர்த்தது. ஆந்திரா 2019இல், எல்லாரையும் அல்ல என்றாலும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குத்தகைதாரர்களைச் சேர்த்தது. முடியாது என்று சொல்கிறவர்கள் முயலவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை, உழாதவர்களும் உழுபவர்களும் சேர்ந்து செய்யக்கூடியது. பயனாளிகள் பட்டியல் ரகசியம் அல்ல, பி.எம்.கிசான் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், வட்டம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் ஊர்ப் பட்டியல் பெயர் பெயராக வரும். அதை அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராமசபை கூடும். எது முதலில் வருகிறதோ அதற்குப் போய், பட்டியலை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும், அந்த நிலத்தில் இந்தப் போகம் நட்டது யார் என்றும் கேளுங்கள்.